ஏழு கடல் மீன்களும் உன் அம்மாவின் சாம்பிராணியும்

தம்பி,

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு அப்பா கடிதம் எழுதுகிறார் என்றால் உனக்கே வேடிக்கையாக இருக்கும். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். போன் பண்ணினால் நீ தங்கியிருக்கும் வீட்டு ஆன்டி உன்னைக் கூப்பிட்டு விடுவார். ஆனால் இதை நேரில் சொல்ல ஆரம்பித்தால் நான் நடுவில் எங்காவது ஒரு கேலியைச் செருகுவேன், நீ சிரிப்பாய், நானும் சிரிப்பேன், விஷயம் அப்படியே நழுவிவிடும். பதினோரு வருஷமாக அப்படித்தான் நழுவியிருக்கிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கடைசி வரை ஒரே மூச்சில் படி. பாதியில் மடித்து வைத்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று சட்டைப் பையில் போட்டுக்கொள்ளாதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை கோமதியையும் அவளுடைய அப்பா அம்மாவையும் நீ நம் வீட்டுக்கு அழைத்து வந்தாய். கல்யாணத்துக்கு முன்னால் பெண் தான் வாழப்போகிற வீட்டை ஒரு தடவை பார்த்துவிடட்டும் என்று நான்தான் சொன்னேன். நம் வீட்டுக்கு வருகிற எல்லாரும் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். செருப்பைக் கழற்றியதும் நேராக மீன் தொட்டிக்கு முன்னால் போய் நின்றார்கள். “கடல் மீனா அங்கிள்? வீட்லயா?” என்று அந்தப் பெண் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. உப்பு அளவு, சூடு, பம்பு என்று நான் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டேன். அப்போது உன் அம்மா தேநீர்த் தட்டோடு வந்தாள். நீ அவளைக் காட்டிச் சொன்னாய்: “கோமதி, இந்த வீட்ல ஒரு கொலகாரங்க இருக்காங்க, தெரியுமா? எங்கம்மாதான். சாம்பிராணி போட்டே ஏழு மீனக் கொன்னவங்க. பாத்து நடந்துக்க லா!”

எல்லாரும் சிரித்தார்கள். சம்பந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் சும்மா இருந்தேனா? “ஒரே வெள்ளிக்கிழமைல ஏழும்!” என்று எடுத்துக் கொடுத்தேன். உன் அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தட்டை வைத்துவிட்டு முந்தானையில் கை துடைத்தபடி உள்ளே போனாள். அவள் சிரித்ததை நான் பார்த்தேன், நீயும் பார்த்தாய். அதனால் ஒன்றுமில்லை என்று இருவருமே நினைத்துக்கொண்டோம்.

மறுநாள் காலை மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். உன் அம்மா விளக்குமாற்றோடு வந்து நின்றாள். பெருக்கவில்லை. “என்னங்க, வர்ற பொண்ணு வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடணும்னு நெனைக்குமில்ல? அவங்க வீட்ல போடுவாங்களாம். முன்னாடியே நாஞ் சொல்லிடவா, இந்த வீட்ல போடக் கூடாதுன்னு? இல்ல, நீங்க சொல்றீங்களா? அதுவும் தெரியாம போட்டு, எம்மாதிரி அந்தப் பாவத்தச் சொமக்க வேணாம்” என்றாள்.

கையிலிருந்த தீனி டப்பா அப்படியே தொட்டிக்குள் விழுந்துவிட்டது. பாவமா? யார் சுமக்கிற பாவம்? பதினோரு வருஷமாகச் சிரித்துச் சிரித்துச் சொன்ன ஒரு கதை, அவளுக்குள் பாவமாக உட்கார்ந்திருக்கிறது. ஒரே கட்டிலில் படுக்கிறேன், ஒரே சட்டியில் சாப்பிடுகிறேன், எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதவும் கூசுகிறது, ஏனென்றால் எனக்குத் தெரிந்த இன்னொன்று அவளுக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அந்த ஏழு மீன்களையும் கொன்றது அவள் இல்லை, தம்பி. நான்.

முதலிலிருந்து சொல்கிறேன். நீ பிறப்பதற்கு முன்பிருந்தே நான் மீன் வளர்க்கிறேன் என்பது உனக்குத் தெரியும். ரயில்வே ஸ்டோரில் நாள் முழுக்கத் திருகாணியும் போல்ட்டும் எண்ணிவிட்டு வருகிறவனுக்கு, எண்ண முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும் கப்பிக் குஞ்சுகள் பெரிய ஆறுதல். அப்புறம் ஏஞ்சல், கௌராமி, தங்க மீன். தெருவில் யார் வீட்டு மீன் வயிறு வீங்கினாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். ‘மீன் டாக்டர்’ என்று பெயர். அந்தப் பெயரில் எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமில்லை. என் வைத்தியம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: சுத்தம். ஞாயிறு காலை தொட்டியில் ஒரு சொட்டு விடாமல் இறைத்து, கல்லை எல்லாம் அள்ளிக் குழாயடியில் போட்டு, அரிசி களைகிற மாதிரி தேய்த்துத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, மத்தியானம் மறுபடி அடுக்குவேன். உன் அம்மா வெள்ளிக்கிழமை வீட்டைக் கழுவுவாள், நான் ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கழுவுவேன். நம் வீட்டில் அழுக்குக்கு இடமே இல்லை என்று பெருமை பேசுவோம். நல்ல தண்ணீர் மீன்கள் பாவம், என் சுத்தத்தையும் தாங்கிக்கொண்டு உயிரோடு இருந்தன.

நீ மூன்றாம் படிவம் படித்த வருஷம், கிள்ளானில் ஒரு மீன் கடையில் கடல் மீனைப் பார்த்தேன். நீலத்தில் ஒன்று, மின்சாரம் பாய்ச்சின மாதிரி. நான் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டேன். கடை ஒரு சீனருடையது. மீன்களைப் பார்த்துக்கொண்டவர் செல்வம் என்று நம் ஆள், முன்பு துறைமுகத்தில் வேலை செய்தவர். அவர் அன்றைக்கே சொன்னார்: “பாஸ், இது கப்பி மாதிரி இல்ல லா. தண்ணி ரெடி பண்ணி ஆறு வாரம் சும்மா ஓட விடுங்க. அப்புறம் ஒரே ஒரு மீன் போடுங்க. அது நல்லா இருந்தா அடுத்தது.” நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நான் இருபது வருஷமா மீன் வளக்கிறேன் தம்பி” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “உங்க இஷ்டம் பாஸ்” என்றார். ஆறு வாரம் என்று அவர் சொன்னதை நீ நன்றாக ஞாபகம் வைத்துக்கொள், ஏனென்றால் இதற்கப்புறம் நடந்தது எதையும் எனக்கு யாரும் சொல்லவில்லை என்று நான் சொல்ல முடியாது.

போர்ட்டிக்சன் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். பக்கத்து வீட்டு அங்கிளின் டட்சன் காரில் பின்சீட் முழுக்க பிளாஸ்டிக் கேன்கள், அதன் மேல் நீ. கரைக்குப் பக்கத்தில் தண்ணீர் கலங்கலாக இருந்தது. உன் அம்மாதான் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய், “இங்க வாங்க, இங்க கண்ணாடி மாதிரி இருக்கு” என்று கூப்பிட்டாள். எட்டு கேன் தண்ணீரும் அவள் மொண்டு கொடுத்தது. அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பை அதற்கு முன்னால் நான் அதிகம் பார்த்ததில்லை. பந்திங் பக்கத்துப் பெண், கடல் காற்றிலும் மீன் குழம்பிலும் வளர்ந்தவள், கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து நான் அவளைக் கடற்கரைக்கு ஒரு தடவைகூட அழைத்துப் போகவில்லை. மீனுக்குத் தண்ணீர் வேண்டும் என்றுதான் போனேன்.

இரண்டடித் தொட்டியில் பவளக் கல்லைப் பரப்பி, தண்ணீர் ஊற்றி, காற்று இழுக்கும் பம்பை மேலே சாமித் தட்டுக்குக் கீழே இருந்த ஆணியில் மாட்டினேன். ஆறு வாரமா பொறுத்திருந்தேன்? ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தில் கல்லின் மேல் வழவழவென்று ஏதோ பிடித்திருந்தது. அழுக்கு என்று நினைத்தேன். ஞாயிறு காலை, என் வழக்கப்படி, கல்லையெல்லாம் அள்ளி குழாயடியில் தேய்த்துக் கழுவினேன். மத்தியானம் கிள்ளானுக்குப் போய் ஏழு மீன் வாங்கி வந்தேன். ஒன்றில்லை, ஏழு. நான்கு நீலம், இரண்டு கறுப்பு வெள்ளை, ஒன்று ஆரஞ்சு நிறம். அந்த ஆரஞ்சு மீனின் உடம்பில் குறுக்கே மூன்று வெள்ளைப் பட்டை இருந்ததைப் பார்த்ததும் உன் அம்மா, “பட்டை பட்டையா திருநீறு பூசிட்டு வந்திருக்கு பாருங்க” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதற்குச் சாமியார் என்று பெயர் வைத்தாள். சமையல் நடுவில் வந்து அதனோடு பேசிவிட்டுப் போவாள். ஐந்தே நாள்தான் பேசினாள்.

வெள்ளிக்கிழமை என் கூட வேலை செய்யும் நான்கு பேரைத் தொட்டி பார்க்க வீட்டுக்கு அழைத்திருந்தேன். ஆறு மணிக்கு அவர்களோடு வந்தேன். கூடம் முழுக்கச் சாம்பிராணி வாசனை. அவள் அப்போதுதான் வீட்டைக் கழுவி, விளக்கேற்றி, தூபக்காலோடு மூலை முடுக்கெல்லாம் காட்டி முடித்திருந்தாள். தொட்டியில் ஐந்து மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. இரண்டு கல்லின் மேல் சாய்ந்து வாயை வாயைத் திறந்தன. தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது, அதுதான் எனக்குப் புரியவே இல்லை. நான்கு பேர் என் பின்னால் நின்று பார்க்கிறார்கள். மீன் டாக்டர் வீட்டு மீன்! என் கண் பம்பின் மேல் போனது, அங்கிருந்து தூபக்காலின் மேல் போனது. போதும்.

“அறிவிருக்கா உனக்கு? பொகையெல்லாம் பம்பு இழுத்து தண்ணிக்குள்ள விட்டிருக்கு! கொன்னுட்டியே! ஏழையும் கொன்னுட்டியே!” என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன், அதையெல்லாம் எழுத மாட்டேன். நீ அறையிலிருந்து ஓடி வந்தாய். தொட்டியைப் பார்த்தாய். “அம்மா, நீங்கதான் கொன்னுட்டீங்க” என்று அழுதாய். பதினைந்து வயதுப் பையன், அப்பா சொன்னதைத் திருப்பிச் சொன்னாய், உன் மேல் தப்பில்லை. அவள் தூபக்காலைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள். கரி அவள் கையில் தெறித்தது, அந்தத் தழும்பை நீ பார்த்திருப்பாய். வந்த நான்கு பேரும் மெல்ல நழுவிவிட்டார்கள். சனிக்கிழமை மீதி இரண்டும் போயின. சாமியாரை மட்டும் அவள் ஒரு வெற்றிலையில் வைத்துக் கொண்டுபோய்ச் செம்பருத்திச் செடிக்குக் கீழே புதைத்தாள். அடுத்த வெள்ளியிலிருந்து சாம்பிராணி கூடத்துக்கு வரவில்லை. பின்பக்கம் சாக்கடை ஓரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு போடுவாள். நான் போடாதே என்று சொல்லவில்லை. போடு என்றும் சொல்லவில்லை.

இனிமேல் எழுதப்போவது உனக்குத் தெரியாதது. அந்த வருஷக் கடைசிப் பள்ளி விடுமுறையில் நீயும் அம்மாவும் பந்திங்கில் மாமா வீட்டுக்குப் போனீர்கள். வீட்டில் நான் மட்டும். விட்ட மானத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று நான்கு மீன் வாங்கி வந்தேன். நீங்கள் திரும்பி வரும்போது ஆச்சரியப்படட்டும் என்று நினைத்தேன். வீட்டில் சாம்பிராணி இல்லை, ஊதுபத்தி இல்லை, சாமி விளக்குகூட நான் ஏற்றவில்லை. கல்லைக் கழுவினேன், தண்ணீரைப் பளிங்காக வைத்திருந்தேன். எட்டாவது நாள் நான்கும் செத்து மிதந்தன. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சாம்பிராணி இல்லாமல் எப்படிச் சாகும்?

ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீரை மொண்டுகொண்டு கிள்ளானுக்குப் போனேன். செல்வம் அதில் கொஞ்சத்தைச் சின்னக் குழாயில் ஊற்றி மருந்துச் சொட்டு விட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பளிங்குத் தண்ணீர் கரும்பச்சையாக மாறியது. “வெஷம் பாஸ்” என்றார். “மீன் கழிவு. கண்ணுக்குத் தெரியாது. கல்லுல ஒரு பாசி மாதிரி வழவழன்னு பிடிக்கும் பாருங்க, அதுல இருக்கிற பூச்சிதான் இதத் தின்னு தண்ணிய நல்லா வெச்சிருக்கும். அது வளரத்தான் ஆறு வாரம். கல்லக் கழுவுனீங்களா?”

“ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை” என்றேன்.

“ஐயோ, என்ன பாஸ் நீங்க! அப்ப நீங்கதான் கொன்னிருக்கீங்க லா.”

நான் விடவில்லை. கடைசி நூலைப் பிடித்துக்கொண்டு, “மொதல்ல ஏழு செத்துச்சே, அன்னைக்கு வீட்ல சாம்பிராணி போட்டாங்க” என்றேன். அவர் கட்டைவிரலால் எனக்குப் பின்னால் காட்டினார். திரும்பிப் பார்த்தேன். கடைக்காரரின் சிவப்புச் சாமி மாடம். அதன் முன்னால் பெரிய பெரிய ஊதுபத்திகள் கொத்தாகப் புகைந்துகொண்டிருந்தன. புகை மேலே போய் முப்பது தொட்டிகளின் மேலும் பரவி நின்றது. பம்புகள் அத்தனையும் அந்தக் காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருந்தன. நீல மீன்கள் குதித்து விளையாடின. “காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. எங்க மொதலாளி டவுக்கே ஒரு நாள்கூட நிறுத்தினதில்ல” என்றார். இத்தனை தடவை அந்தக் கடைக்குப் போயிருக்கிறேன், அந்த மாடம் என் கண்ணில் பட்டதே இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமே பொய். அந்த முதல் வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும்போது, ஒரு நீல மீன் கல்லின் மேல் பக்கவாட்டில் படுத்துக் கிடந்ததை நான் பார்த்தேன். சாமியாரும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. நேரமாகிவிட்டது என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அவள் சாம்பிராணி போட்டது மாலையில். கத்தும்போது எனக்கு அது ஞாபகம் வந்ததா என்று கேட்பாய். வந்தது. வந்ததனால்தான் அவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்று இப்போது தோன்றுகிறது.

நீங்கள் பந்திங்கிலிருந்து திரும்பிய அன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். அவள் மூட்டையைக் கீழே வைத்ததும் முதல் வேலையாகத் தொட்டியைப் பார்த்தாள். “இன்னும் மீன் வாங்கலியா?” என்றாள். “தண்ணி சரியாகட்டும்” என்றேன். அவ்வளவுதான். அந்த நேரம் போய்விட்டது, மறுநாள் இன்னும் கஷ்டமாகியது, அடுத்த வாரம் முடியவே முடியாது என்று ஆகிவிட்டது. செல்வம் சொன்னபடி கல்லைக் கழுவாமல் விட்டேன். அவர் கடைத் தொட்டியிலிருந்து ஒரு கை பழைய கல் கொடுத்தார், அதைப் போட்டேன். ஆறு வாரம் பொறுத்து ஒரு மீன் விட்டேன். வாழ்ந்தது. இன்னொன்று விட்டேன். வாழ்ந்தது. வந்தவர்கள் எல்லாரும், “சாம்பிராணிய நிறுத்தின உடனே பாருங்க, மீனு எப்படி இருக்கு” என்றார்கள். நான் தலையை ஆட்டினேன். அப்புறம் அதை ஒரு கதையாக்கினேன். ஸ்டோரில் சொன்னேன், கல்யாண வீடுகளில் சொன்னேன், மஸ்ஜித் இந்தியாவில் அம்மாவோடு துணி எடுக்கப் போன இடத்தில் கடைக்காரரிடம்கூடச் சொன்னேன். நீ ஞாயிற்றுக்கிழமை சொன்னாயே, அது நான் கட்டின கதை. நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாய்.

இது மீனோடு மட்டும் நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை என் ஐசி அடையாள அட்டை காணாமல் போனது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? துவைக்கும்போது தொலைத்துவிட்டாள் என்று வீட்டையே தலைகீழாக்கினேன். அவள் இரண்டு நாள் துணி மூட்டையை உதறி உதறித் தேடினாள். மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் இருந்தது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “கெடச்சிருச்சு” என்று ஒரு வார்த்தை சொன்னேன். எங்கே கிடைத்தது என்று அவள் கேட்கவில்லை. வெட்கம் வரும்போது மனுஷன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறான். கல்யாணம் ஆனவனுக்குப் பக்கத்தில் இருப்பது பெண்டாட்டிதான். உனக்கு என் மூக்கு, என் நடை, என் கோபம் மூன்றும் வந்திருக்கிறது. கோமதியை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. கோபம் வரட்டும், கத்தியும் தொலை. ஆனால் தப்பு உன்னுடையது என்று தெரிந்த அன்றைக்கே, அந்தச் சாயங்காலத்துக்குள்ளேயே போய்ச் சொல்லிவிடு. தள்ளிப் போடாதே.

திங்கட்கிழமை அவள் பாவம் என்று சொன்னபோது நான் இன்னொன்றும் கேட்டேன். “அதுக்குத்தான் மீன் சாப்பிடறத விட்டியா?” என்று. அவள் முருகனுக்கு ஏதோ வேண்டுதல் வைத்து மீனை விட்டாள் என்றுதான் நான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். நாம் இருவரும் தெங்கிரி மீன் பொரியல் கேட்டால் பொரித்துப் போட்டுவிட்டு அவள் ரசம் ஊற்றிக்கொள்வாள். “ஏழு உசுரு” என்றாள். “அதுல ஒண்ணு திருநீறு பூசின உசுரு. அப்புறம் எப்படி வாயில வெப்பேன்?” பந்திங்கில் மீன் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காது என்று அவள் அண்ணன் கேலி செய்யும் பெண் அவள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அன்றைக்கும் சொல்லவில்லை. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் சொல்லவில்லை. உன் அப்பன் எவ்வளவு பெரிய கோழை என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை அவள் பின்பக்கம் கரி மூட்டி வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் தூபக்காலில் கரியை அள்ளிப் போட்டு, சாம்பிராணியைக் கை நிறையத் தூவி, கூடத்துக்கு எடுத்து வந்து தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஈரத் தலையோடு ஓடி வந்தாள். “என்னங்க பண்றீங்க? பைத்தியமா? மீனு!” என்று தூபக்காலைப் பிடுங்க வந்தாள். நான் கொடுக்கவில்லை. அப்படியே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். கல்லைக் கழுவியது, செத்த நான்கு மீன், செல்வத்தின் கடை, சீனர் மாடம், வெள்ளிக்கிழமை காலை நான் பார்த்தது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். புகை அதன் மேல் படர்ந்தது, உள்ளே ஐந்து மீனும் தம் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தன. “அப்ப சாமியாரு?” என்றாள்.

“நான்தான்” என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. “பிள்ளைக்குத் தெரியுமா?” என்றாள். இல்லை என்றேன். “அவந்தான் அன்னைக்கு என்னப் பாத்து கொன்னுட்டீங்கன்னு சொன்னான். நீங்க கத்தினது எனக்கு மறந்துபோச்சு, அவன் சொன்னது போகல. மொதல்ல அவனுக்கு எழுதுங்க. ஒண்ணு விடாம எழுதுங்க” என்றாள். அப்புறம் உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு இந்த நிமிஷம் வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள், அவ்வளவுதான். முப்பது வருஷத்தில் இந்த மாதிரி மௌனத்தை நான் கண்டதில்லை. சமையலறையில் பாத்திரம் விழுந்தால்கூட ஓடிப்போய் எட்டிப் பார்க்கிறேன்.

நேற்று காலை பாசாருக்குப் போய் நல்ல கெம்போங் மீனாகப் பார்த்து வாங்கி வந்தேன். குழம்பு வைத்தாள். சாப்பிட உட்கார்ந்தபோது நானே ஒரு துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தேன். அவள் அதை எடுத்துத் திரும்ப என் தட்டில் வைத்துவிட்டு, ரசம் ஊற்றிக்கொண்டாள். கோபமாக வைக்கவில்லை, மெதுவாகத்தான் வைத்தாள்.

வருகிற சனிக்கிழமை கோமதியை அழைத்துக்கொண்டு வா. அவளுடைய அப்பா அம்மாவையும் அழைத்து வா, அவர்கள் முன்னால்தானே சிரித்தோம். அவர்களிடம் நடந்ததை நான் சொல்கிறேன், அது என் வேலை. நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பாசாரில் மீன் வாங்கி வைத்திருப்பேன். எல்லாரும் சாப்பிட உட்காரும்போது நீ உன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார். உன் கையால் ஒரு துண்டு எடுத்து அவள் தட்டில் வை, “நீங்க கொல்லலம்மா” என்று சொல்லி வை. நடுத்துண்டு வைத்துவிடாதே. தலையை வை. பந்திங்கில் அவள் எப்போதும் தலையைத்தான் கேட்டு வாங்குவாளாம், அதுவும் எனக்கு இந்த வாரம்தான் உன் மாமாவிடம் கேட்டுத் தெரிந்தது.

உன் அப்பா